பழைய அமெரிக்க லைட்வெயிட் சைக்கிள்: யார் செய்தது, எந்த வருஷம் என்று கண்டுபிடிப்பது எப்படி

அமெரிக்காவில் கராஜ் சேலில் (வீட்டுப் பழைய சாமான் விற்பனையில்) பழைய சைக்கிள் வாங்கப் போனால், விற்பவர் சொல்லும் வருஷத்தை அப்படியே நம்ப வேண்டாம். "எங்க அப்பாவோடது, ஐம்பதுகளில் வாங்கியிருப்பார்" என்பார். பார்த்தால் 1973ஆக இருக்கும். அவர் பொய் சொல்லவில்லை. வண்டியில் எழுதியிருக்கும் பெயரையும் துருவையும் வைத்து வயது சொல்கிறார், அவ்வளவுதான். ஆனால் வண்டியிலேயே மாதம் வரைக்கும் தேதி அடித்து வைத்திருக்கிறார்கள். எங்கே பார்ப்பது, எதை முதலில் நம்புவது என்று தெரிந்தால் போதும்.

நான் கடைப்பிடிக்கும் வரிசை இது: முதலில் ஃபிரேமும் பெடல் கட்டையும், அடுத்து ஃபிரேமில் அடித்த எண், கடைசியில் மற்ற பாகங்களும் ஸ்டிக்கர்களும். புதியவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பளபளப்பான கியரில் ஒரு வருஷத்தைப் பார்த்ததும் வண்டிக்கும் அதே வருஷம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஐம்பது வருஷத்தில் சக்கரம் மாறியிருக்கும், கியர் மாறியிருக்கும், சீட் இரண்டு முறை மாறியிருக்கும். ஃபிரேம் மட்டும்தான் ஆரம்பத்திலிருந்து அங்கேயே இருக்கிறது.

எதை லைட்வெயிட் என்கிறார்கள்

பெயரை நம்பித் தூக்கிப் பார்த்தால் கை வலிக்கும். சிகாகோவின் ஷ்வின் நிறுவனம் 1960களில் செய்த வார்சிட்டி என்ற மாடல் கிட்டத்தட்ட 18 கிலோ. அப்புறம் எப்படி லைட்வெயிட்? 1933இல் ஷ்வின் நிறுவனம் தடித்த பலூன் டயரை அமெரிக்கச் சைக்கிளுக்குக் கொண்டுவந்தது. அதன் பிறகு பல வருஷங்களுக்கு அங்கே சைக்கிள் என்றால் 26 × 2.125 அங்குல டயர், அகலமான மட்கார்டு, மோட்டார் சைக்கிள் சாயலில் ஒரு போலி டாங்க் என்றுதான் இருந்தது. 1950களின் நடுவில் 1.75 அங்குல டயரோடு மிடில்வெயிட் ரகம் வந்தது. இந்த இரண்டையும் விட ஒல்லியாக, 1⅜ அல்லது 1¼ அங்குல டயர் போட்டவை லைட்வெயிட். அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் இந்தச் சொல்லைப் பயன்படுத்துவது டயரைப் பார்த்துத்தான், எடையைப் பார்த்து அல்ல.

இதற்குள் மூன்று பிரிவு. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் மூன்று கியர் வண்டிகள். வளைந்த ஹேண்டில்பார் போட்ட பத்து கியர் வண்டிகள். அப்புறம் பந்தயத்துக்காகவும் நெடும் பயணத்துக்காகவும் கையால் செய்த உயர்தர ஃபிரேம்கள். ராலே, ஹெர்குலிஸ் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு முதல் பிரிவு பழகிய முகமாகத் தெரியும், ஏனென்றால் அவை பிரிட்டிஷ் வண்டிகளைப் பார்த்துச் செய்தவை. இதனாலேயே ஒரு குழப்பமும் வரும். அமெரிக்காவில் கிடைக்கும் பழைய மூன்று கியர் ராலே வண்டி இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் செய்தது. அது அமெரிக்க வண்டி அல்ல. ஃபுஜி, நிஷிகி போன்ற ஜப்பானிய வண்டிகளும் அப்படியே.

தொடங்கும் முன்

வண்டியைக் கழுவாதீர்கள். கறைக்கு அடியில் கடை ஸ்டிக்கர் இருக்கலாம், நகராட்சி உரிம ஸ்டிக்கர் இருக்கலாம். ஈரத் துணியால் ஒரே இழுப்பில் ஐம்பது வருஷச் சாட்சி போய்விடும். எல்லாவற்றையும் படம் எடுத்த பிறகு கழுவிக்கொள்ளலாம்.

தேவையான சாமான்கள் கொஞ்சம்தான்: டார்ச், மெல்லிய பருத்தித் துணி, அளவு நாடா, முடிந்தால் வெர்னியர் காலிப்பர், சின்னக் காந்தம், வெள்ளைத் தாள், பென்சில். எண் அடித்த இடத்தில் பெயின்ட் தடித்துப் போய்ப் படிக்க முடியாவிட்டால் உப்புத்தாள் போடக் கூடாது. தாளை மேலே வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் எண் தாளில் எழும். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தாலும் நிழல் விழுந்து எழுத்து தெரியும். எண் முழுவதும் தெரியும்படி இரண்டு கோணத்தில் படம் எடுத்து வையுங்கள். 3ஆ 8ஆ என்ற சந்தேகம் வீட்டுக்கு வந்த பிறகுதான் வரும்.

முதல் படி: குழாய்கள் எப்படிச் சேர்ந்திருக்கின்றன

ஹேண்டில் தண்டு நுழையும் முன் குழாயை ஹெட் ட்யூப் என்பார்கள். அதோடு மேல் பாரும் கீழ்க்குழாயும் சேரும் இடத்தைப் பாருங்கள். அந்த ஒரு சாண் இடம் வண்டியின் பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

குழாய்களின் மேல் உறை போட்டதுபோல, ஓரம் செதுக்கிய இரும்புத் துண்டு தெரிந்தால் அது லக் வைத்த ஃபிரேம். நமக்குப் பழக்கமான ரோட்ஸ்டர் வண்டிகள் எல்லாம் இப்படித்தான். அமெரிக்க வண்டிகளில் லக் என்றால் பெரும்பாலும் உயர்ந்த ரகம், அல்லது வெளிநாட்டில் செய்து அமெரிக்கப் பெயர் ஒட்டியது.

உறை எதுவும் இல்லாமல், ஒரு குழாயிலிருந்து இன்னொன்று வழவழவென்று வளைந்து முளைத்ததுபோல இருந்தால் அநேகமாக ஷ்வின். சிகாகோ தொழிற்சாலையில் ஹெட் ட்யூபையும் பெடல் அச்சு உட்காரும் கூட்டையும் தட்டை எஃகுத் தகட்டிலிருந்து, குழாய் வந்து சேர வேண்டிய இடத்தில் சிறு முளைகளோடு வடித்தெடுத்தார்கள். அதோடு குழாயை முட்டவைத்து, மின்சாரமும் அழுத்தமும் கொடுத்து ஒன்றாக உருக்கி, மேட்டைத் தேய்த்துச் சமன்படுத்தினார்கள். இந்த முறைக்கு எலக்ட்ரோ-ஃபோர்ஜிங் என்று பெயர். எடை கூடும், ஆனால் ஃபிரேம் அசையாது. இன்று அமெரிக்காவில் வார்சிட்டியும் கான்டினென்டல் என்ற இன்னொரு ஷ்வின் மாடலும் இவ்வளவு மிஞ்சியிருப்பதற்கு இந்த இணைப்பும் ஒரு காரணம்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். இதே வழவழப்பு இன்னொரு வகையிலும் வரும். 1960களிலும் 70களிலும் சூப்பர் ஸ்போர்ட், ஸ்போர்ட்ஸ் டூரர், சுப்பீரியர் ஆகிய ஷ்வின் வண்டிகளைக் குரோம்-மாலி என்ற கலப்பு எஃகுக் குழாயில், பித்தளை உருக்கிக் கையால் பற்றவைத்து, அரத்தால் தேய்த்து வழவழப்பாக்கினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வார்சிட்டிக்குத் தம்பி மாதிரி இருக்கும். விற்பவருக்கும் வித்தியாசம் தெரியாது. சீட் தண்டின் விட்டத்தை அளந்து பாருங்கள். எலக்ட்ரோ-ஃபோர்ஜிங் வண்டியில் குழாயின் சுவர் தடிமன், அதனால் உள்ளே போகும் தண்டு ஒல்லி: 13/16 அங்குலம், அதாவது 20.6 மில்லிமீட்டர். தண்டு அதைவிடத் தெளிவாகப் பெரிதாக இருந்தால் கையால் செய்த ஃபிரேமாக இருக்க வாய்ப்பு அதிகம். தூக்கிப் பார்த்தாலும் சில கிலோ வித்தியாசம் கைக்குத் தெரியும். வார்சிட்டி விலைக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் டூரர் கிடைப்பது இந்தப் பொழுதுபோக்கில் நிஜமாகவே நடக்கும் நல்ல விஷயம்.

காந்தமும் இங்கேதான் உதவும். ஒட்டாவிட்டால் அலுமினியம் அல்லது டைட்டானியம். குழாய் வழக்கத்தைவிடப் பருமனாக, காந்தம் ஒட்டாமல் இருந்தால் அநேகமாகக் கனண்டேல். கனெக்டிகட் மாநிலத்து நிறுவனம், முதல் சைக்கிள் 1983இல் வந்தது. ஆக, கனண்டேல் என்று எழுதியிருக்கும் எந்தச் சைக்கிளும் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது.

இரண்டாம் படி: பெடல் கட்டை

பெடலைத் தாங்கிச் சுழலும் கட்டையைக் கிராங்க் என்பார்கள், அது மூன்று வகை. இடது கை, அச்சு, வலது கை மூன்றும் ஒரே இரும்பில் வளைத்துச் செய்த ஒற்றைக் கிராங்க் அமெரிக்கத் தொழிற்சாலை வண்டியின் அடையாளம். அமெரிக்கர்கள் இதை ஆஷ்டபுலா கிராங்க் என்பார்கள். ஒஹாயோ மாநிலத்து ஊர்ப் பெயர் அது. காட்டர் பின் அடித்த கிராங்க் இருந்தால் பிரிட்டிஷ் அல்லது ஐரோப்பியத் தயாரிப்பாக இருக்கலாம். நடுவில் போல்ட் போட்ட அலுமினியக் கிராங்க் உயர்ந்த ரகத்திலும், பிற்கால வண்டிகளிலும் வரும்.

ஒற்றைக் கிராங்கிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஷ்வின் கிராங்கில் கோன் (பேரிங்கை இறுக்கும் கூம்பு வளையம்) ஏறும் மரை அங்குலத்துக்கு 28 சுற்று. மற்ற அமெரிக்கக் கம்பெனிகளில் 24. பெயர், பேட்ஜ் எல்லாம் அழிந்துபோன வண்டியைப் பிரித்துப் பார்க்கும் நிலை வந்தால் இந்த மரை ஷ்வினா இல்லையா என்று சொல்லிவிடும். கோன் வாங்கும்போதும் இதைப் பார்த்தே வாங்க வேண்டும்.

பெடல் அச்சுக்குப் பின்னால் சைடு ஸ்டாண்டையும் கவனியுங்கள். ஃபிரேமோடு பற்றவைத்த குழாய்க்குள் ஸ்பிரிங் வைத்து ஸ்டாண்டு பொருத்தியிருந்தால் அது இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய சிகாகோ ஷ்வின்.

மூன்றாம் படி: எண்

ஷ்வினை வைத்தே சொல்கிறேன். கண்ணில் படும் பழைய அமெரிக்க லைட்வெயிட்டில் நல்ல நிலையில் இருப்பவற்றில் பெரும்பகுதி இதுதான், எண் முறையும் இதில்தான் மிகத் தெளிவு.

எண் எங்கே இருக்கிறது என்பதே முதல் துப்பு. 1950களின் தொடக்கம் வரை பெடல் அச்சுக் கூட்டின் அடியில். அதன் பிறகு 1960களின் இறுதி வரை பின்சக்கர அச்சு உட்காரும் தகட்டில், செயின் இல்லாத இடது பக்கம். 1970 வாக்கில் ஹெட் ட்யூபின் கீழ்ப்பகுதிக்கு மாறியது. எண்ணைப் படிக்கும் முன்பே இடத்தை வைத்துப் பத்தாண்டைச் சொல்லிவிடலாம்.

1965 முதல் எண்ணுக்கு முன்னால் இரண்டு ஆங்கில எழுத்து வரும். முதல் எழுத்து மாதம், இரண்டாவது எழுத்து வருஷம். எண் ஒன்றோடு குழம்பும் ஐ என்ற எழுத்தும் பூஜ்யத்தோடு குழம்பும் ஓ என்ற எழுத்தும் இல்லை. மாதம் ஏ-யில் தொடங்கி எச் என்றால் ஆகஸ்ட், ஐ-யைத் தாண்டி ஜே செப்டம்பர், எம் என்றால் டிசம்பர். வருஷம் ஏ 1965, பி 1966, சி 1967, டி 1968, இ 1969, எஃப் 1970, ஜி 1971, எச் 1972, ஜே 1973, கே 1974, எல் 1975, எம் 1976, என் 1977. ஓ-வைத் தாண்டி வரும் எழுத்து 1978, க்யூ 1979, ஆர் 1980, எஸ் 1981, அதற்கு அடுத்தது 1982.

எச்ஜி என்று தொடங்கினால் 1971 ஆகஸ்ட். எல்ஜே என்றால் 1973 நவம்பர். இதில் எல்லோரும் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. அந்தத் தேதி எண் அடித்த தேதி, வண்டி முழுதாகி வெளியே வந்த தேதி அல்ல. எண் அடித்த துண்டு பெட்டியில் கிடந்து, ஃபிரேமாகி, பெயின்ட் ஆகி, பாகம் பூட்டி வெளியே வர வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். ஆகவே 1973 நவம்பரில் எண் அடித்தது பெரும்பாலும் 1974 மாடலாகத்தான் விற்றிருக்கும். வண்டியின் நிறமும் பாகமும் 1974 கேட்டலாக்கோடு பொருந்தினால் ஆச்சரியப்பட வேண்டாம்.

1970களின் நடுவிலிருந்து இன்னொரு வசதி. சிகாகோ ஷ்வினின் ஹெட் ட்யூபில் இருக்கும் பேட்ஜில் நாலு இலக்கம் சின்னதாக அடித்திருக்கும். முதல் மூன்று இலக்கம் அந்த வருஷத்தின் எத்தனையாவது நாள் என்பது, கடைசி இலக்கம் வருஷத்தின் கடைசி எண். 1237 என்றால் 1977இன் 123ஆவது நாள், அதாவது மே 3. வண்டி பூட்டிய நாளுக்கு இது எண்ணைவிட நெருக்கமானது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் எண் அடித்ததற்கும் வண்டி ஆனதற்கும் இடையே எவ்வளவு காலம் போயிற்று என்றுகூடத் தெரியும்.

1965க்கு முந்திய ஷ்வின் எண்களை விதி வைத்துப் படிக்க முடியாது. சேகரிப்பாளர்கள் வைத்திருக்கும் பட்டியலில் ஒப்பிட வேண்டும். 1948இல் நடந்த தீ விபத்தில் தொழிற்சாலைப் பதிவேடுகள் போய்விட்டதால் அதற்கு முந்திய எண்களுக்குப் பட்டியலும் இல்லை. அங்கே பேட்ஜும் பாகங்களும்தான் துணை. 1960கள் வரை கம்பெனியின் பெயர் ஆர்னல்ட், ஷ்வின் அண்டு கம்பெனி. 1895இல் சிகாகோவில் இக்னாஸ் ஷ்வினும் அடால்ஃப் ஆர்னல்டும் சேர்ந்து தொடங்கியது. 1967இல்தான் ஷ்வின் பைசிக்கிள் கம்பெனி ஆனது. ஆர்னல்ட் பெயர் போட்ட பேட்ஜ் அதற்கு முந்திய காலத்தைக் காட்டும்.

ஷ்வின் அல்லாத வண்டிகள்

இங்கே பொறுமை வேண்டும். கொலம்பியா, ஹஃபி, மர்ரே, ஏஎம்எஃப், ராஸ் ஆகியவை பெரிய தயாரிப்பாளர்கள். தங்கள் பெயரில் மட்டுமல்லாமல் கடைகளின் பெயரிலும் செய்து கொடுத்தார்கள். சியர்ஸ் கடையில் 1960களின் தொடக்கம் வரை ஜே.சி. ஹிக்கின்ஸ், 1970களில் ஃப்ரீ ஸ்பிரிட். மான்ட்கோமரி வார்டில் ஹாதார்ன். வெஸ்டர்ன் ஆட்டோவில் வெஸ்டர்ன் ஃப்ளையர். பேட்ஜில் கடைப் பெயர் இருந்தால் "யார் செய்தது" என்ற கேள்வி இன்னும் மிச்சம் என்று அர்த்தம். சியர்ஸ் வண்டியில் 502 என்று தொடங்கும் மாடல் எண் இருந்தால் செய்தது மர்ரே. சியர்ஸ் பேட்ஜிலேயே ஆஸ்திரியாவில் செய்தது என்று எழுதியிருந்தால் அது ஸ்டெயர் நிறுவனத்தின் பூக் வண்டி. லக் வைத்து, மற்ற சியர்ஸ் வண்டிகளைவிட நேர்த்தியாகச் செய்திருப்பார்கள். இதைக் கடைச் சைக்கிள் என்று ஒதுக்குபவர்கள் ஒரு நல்ல வண்டியை விடுகிறார்கள் என்பது என் கருத்து.

பேட்ஜில் இருக்கும் ஊர்ப் பெயரும் வருஷம் சொல்லும். மர்ரே 1950களின் நடுவில் ஒஹாயோவின் கிளீவ்லாந்திலிருந்து டென்னஸியின் லாரன்ஸ்பர்குக்குப் போனது. ஏஎம்எஃப் வண்டியில் ஆர்கன்சா மாநிலத்து லிட்டில் ராக் என்றிருந்தால் 1950கள், இலினாயின் ஓல்னி என்றிருந்தால் 1960களும் அதற்குப் பிறகும்.

நான்காம் படி: பாகங்கள்

பாகத்தில் இருக்கும் தேதி வண்டியின் தேதி அல்ல, அந்தப் பாகத்தின் தேதி. ஆனால் நாலைந்து பாகம் ஒரே காலத்தைச் சொன்னால் அது வலுவான சான்று.

மூன்று கியர் வண்டியில் பின் ஹப்பைத் துடைத்துப் பாருங்கள். ஸ்டர்மி-ஆர்ச்சர் ஹப்பாக இருந்தால் ஏடபிள்யூ என்ற மாடல் பெயருக்குப் பக்கத்தில் 68 5 என்பதுபோல அடித்திருக்கும். 1968 மே மாதம். ஹப் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்து சக்கரமாகப் பூட்டிய பிறகுதான் வண்டி வெளியே போகும் என்பதால் வண்டியின் தேதி அதற்குச் சில மாதம் பின்னால் இருக்கும். கொலம்பியா, ஹஃபி போன்றவற்றில் ஃபிரேம் எண் பிடிபடாதபோது இந்த ஹப்தான் பெரும்பாலும் கைகொடுக்கிறது.

ஜப்பானின் ஷிமானோ பாகங்களில் 1976 முதல் இரண்டு ஆங்கில எழுத்து. இங்கே முதல் எழுத்து வருஷம், இரண்டாவது மாதம். ஷ்வினுக்கு நேர் எதிர். வருஷம் ஏ 1976, பி 1977 என்று போகும், மாதம் ஏ ஜனவரி. இத்தாலியின் கம்பான்யோலோ பின் கியரில் பேட்டன்ட் என்ற சொல்லுக்குப் பிறகு 73, 77 என்று வருஷத்தின் கடைசி இரண்டு எண் இருக்கும். அதே கம்பெனியின் ஹப் அச்சு நட்டிலும் வருஷம் அடித்திருப்பார்கள். நட்டை யாரும் மாற்றுவதில்லை, எனவே கியரைவிட நட்டுக்கு நான் அதிக மதிப்பு கொடுப்பேன்.

ஷ்வின் அப்ரூவ்டு என்று எழுதியிருக்கும் பாகங்கள் புதியவரைக் குழப்பும். ஷ்வின் அவற்றைத் தானே செய்யவில்லை. வைன்மன் பிரேக், யுரே கியர் போன்ற ஐரோப்பியப் பாகங்களையும் பிறகு ஜப்பானியப் பாகங்களையும் வாங்கித் தன் பெயரை அடித்துக்கொண்டது. திருப்பிப் பார்த்தால் செய்தவரின் பெயரோ நாட்டின் பெயரோ இருக்கும்.

ஐந்தாம் படி: ஸ்டிக்கர்களும் ரிஃப்ளெக்டர்களும்

இது எனக்கு மிகவும் பிடித்த படி. சீட் குழாயில் விற்ற கடையின் ஸ்டிக்கர் இருக்கிறதா பாருங்கள். முகவரியில் ஐந்திலக்க ஜிப் கோடு இருந்தால் அது 1963க்குப் பிந்தியது. அந்த வருஷம்தான் ஜிப் கோடும், மாநிலத்துக்கு இரண்டெழுத்துச் சுருக்கமும் வந்தன. தொலைபேசி எண் முழு இலக்கமாக இல்லாமல் எழுத்தில் தொடங்கினால் ஸ்டிக்கர் பழையது. பல நகரங்கள் சைக்கிளுக்கு உரிம ஸ்டிக்கர் கொடுத்தன, அதில் வருஷமே அச்சாகியிருக்கும். வண்டி அந்த வருஷத்தில் இருந்தது என்பதற்கு அது உறுதியான சான்று. அதற்கு முன்பே செய்திருக்கலாம், பின்னால் செய்திருக்க முடியாது.

1976இல் அமெரிக்க அரசின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த விதிகளால் ஸ்போக்கிலும் பெடலிலும் ரிஃப்ளெக்டர் கட்டாயமானது. ரிஃப்ளெக்டர் பதித்தே வந்த அசல் பெடல் இருந்தால் வண்டி அந்தக் காலத்தது அல்லது அதற்குப் பிந்தியது. ஸ்போக்கில் மாட்டும் ரிஃப்ளெக்டரை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், அதை யார் வேண்டுமானாலும் பிறகு மாட்டியிருக்கலாம்.

ஒரே குடும்பத்தின் நாலு வண்டிகள்

1960இல் ஷ்வின் வார்சிட்டி, கான்டினென்டல் என்ற பெயர்களில் கியர் வண்டிகளை விற்கத் தொடங்கியது. பெயர் ஸ்டிக்கர் உரிந்துபோன வண்டியில் இரண்டையும் பிரிக்க முன் ஃபோர்க்கைப் பாருங்கள். வார்சிட்டியில் தட்டையான, கெட்டி இரும்புப் பட்டைபோல இருக்கும். கான்டினென்டலில் உருண்டையான குழாய். பிரேக்கும் வேறு: வார்சிட்டிக்குப் பக்கவாட்டில் கம்பி இழுக்கும் வகை, கான்டினென்டலுக்கு நடுவிலிருந்து இழுக்கும் வைன்மன். இவற்றுக்கு மேலே கையால் பற்றவைத்த சூப்பர் ஸ்போர்ட். எல்லாவற்றுக்கும் உச்சியில் பாரமவுன்ட்.

பாரமவுன்ட் 1938இல் வந்த பந்தய வண்டி. தொடக்கத்தில் சிகாகோவின் எமில் வாஸ்டின் கையால் செய்தவை. 1941இல் ஆல்ஃபிரட் லெடூர்னர் காருக்குப் பின்னால், காற்றுத் தடுப்பின் மறைவில், மணிக்கு 108 மைலுக்கு மேல் ஓட்டிக் காட்டியது இந்த வண்டியில்தான். பிற்காலத்தில் ரெனால்ட்ஸ் 531 குழாய், நெர்வெக்ஸ் லக், கம்பான்யோலோ பாகங்கள். இதற்குத் தனி எண் வரிசை, மேலே சொன்ன இரண்டெழுத்து விதியை இதில் போட்டுப் பார்க்கக் கூடாது. பாகத் தேதிகளைக் கொண்டே நெருங்க வேண்டும்.

1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சைக்கிள் மோகம் உச்சத்துக்குப் போனது; 1973இல் சுமார் 1.5 கோடி சைக்கிள் விற்றது. சிகாகோவால் ஈடுகொடுக்க முடியாமல் ஷ்வின் ஜப்பானில் வண்டி செய்ய வைத்தது. வேர்ல்டு வாயேஜர், லெ டூர் போன்றவை லக் வைத்த ஜப்பானியத் தயாரிப்புகள். நல்ல வண்டிகள்தான், ஆனால் சிகாகோ எண் விதி இவற்றுக்குச் செல்லாது. 1976இல் விஸ்கான்சினின் வாட்டர்லூவில் ட்ரெக் தொடங்கியபோது அமெரிக்காவிலேயே செய்த, லக் வைத்த தரமான ஃபிரேம் மறுபடி கடைக்கு வந்தது. பழைய ட்ரெக்கின் எண் பெடல் அச்சுக் கூட்டின் அடியில் இருக்கும்.

ஒரு வண்டியை முழுதாகப் படிப்போம்

வழவழப்பான இணைப்பு, ஒற்றைக் கிராங்க், ஃபிரேமோடு சேர்ந்த ஸ்டாண்டு: சிகாகோ ஷ்வின். உருண்டை ஃபோர்க், நடுவில் இழுக்கும் பிரேக்: கான்டினென்டல். சீட் தண்டு 20.6 மில்லிமீட்டர், ஆகவே கையால் செய்த ஃபிரேம் அல்ல. எண் ஹெட் ட்யூபில் இருக்கிறது, எனவே 1970 வாக்கிலோ அதற்குப் பிறகோ. எண்ணின் தொடக்கம் சிஜி: 1971 மார்ச். கடை ஸ்டிக்கரில் ஜிப் கோடு இருக்கிறது, பொருந்துகிறது. நகர உரிமம் 1974 என்கிறது, அதுவும் பொருந்துகிறது. முன் கியர் யுரே. ஆனால் பின் கியர் ஷிமானோ, குறி சி, இ என்று இருக்கிறது: 1978 மே. இங்கேதான் அவசரப்படுபவர் 1978 வண்டி என்று எழுதிவிடுவார். எண், ஸ்டிக்கர், உரிமம் மூன்றும் ஒரு பக்கம் நிற்க, ஒரு கியர் மட்டும் விலகி நிற்கிறது என்றால் மாறியது கியர்தான். ஸ்போக்கில் ரிஃப்ளெக்டர் இருக்கிறது. கியர் மாற்றிய காலத்தில் அதையும் மாட்டியிருக்கலாம். முடிவு: 1971 மார்ச் ஃபிரேம், 1971 மாடல் கான்டினென்டல், பின் கியர் அசல் அல்ல.

இதை அப்படியே மூன்று வரியில் குறித்து, அந்த வருஷத்து ஷ்வின் கேட்டலாக்கில் நிறம் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய கேட்டலாக்குகளைச் சேகரிப்பாளர்கள் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். 60களின் காப்பர்டோன், வயலட், பிறகு வந்த கூல் லெமன் என்று ஷ்வின் நிறங்களுக்கும் காலம் உண்டு. கேட்டலாக்கில் இல்லாத நிறம் என்றால் பெயின்ட் அசல்தானா என்று சீட் தண்டைக் கழற்றிக் குழாயின் உள் விளிம்பில் பாருங்கள், பழைய நிறம் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும்.

டயர் வாங்கும் முன்

அடையாளம் கண்டாயிற்று, ஓட்ட வேண்டும் அல்லவா? 26 × 1⅜ என்று டயரில் எழுதியிருப்பதை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். மற்ற அமெரிக்க வண்டிகளிலும் பிரிட்டிஷ் வண்டிகளிலும் அந்த அளவுக்கு ரிம்மின் விட்டம் 590 மில்லிமீட்டர். ஷ்வினின் எஸ்-5, எஸ்-6 ரிம்முக்கு 597. ஏழு மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஆனால் 590 டயர் 597 ரிம்மில் ஏறவே ஏறாது. ரிம்மின் மேலேயே எஸ்-6 என்று அடித்திருக்கும், துடைத்துப் பார்த்தால் தெரியும். பத்து கியர் வண்டியின் 27 அங்குலச் சக்கரத்துக்கு 630. இன்றைய 700சி டயர் 622, அது இதற்குச் சேராது. கடையில் அங்குலத்தைச் சொல்லாமல் இந்த மூன்றிலக்க எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.